அகீதாவும் அமானிதமும்: இஸ்தான்புல் ஹாஜி பெக்கிர் மிட்டாய்க் கடையின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

நம் ஊர்களின் கடைத்தெருக்களில் ‘ஹாஜியார்’ என்னும் சொல்லைத் தாங்கிய பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஹாஜியார் ஜவுளிக்கடை, ஹாஜியார் மளிகை, ஹாஜியார் அண்ட் சன்ஸ் என அவை நீளும். புனித மக்கா சென்று திரும்பிய ஒரு மூதாதையின் பெயர் அது. அவர் மறைந்த பின்னரும் பிள்ளைகளும் பேரர்களும் அப்பலகையின் கீழ் அமர்ந்து வணிகம் செய்கின்றனர். ஹஜ் செய்தவர் அவர். அந்தப் பெயரின் மதிப்பைத் துய்ப்பவர்கள் இவர்கள். அவ்வாறெனில் அந்தப் பெயர் இவர்களிடம் எதைக் கேட்கிறது?

ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாக இக்கேள்வியைத் தன் பலகையில் சுமந்து நிற்கும் கடை ஒன்று இஸ்தான்புல் நகரில் உள்ளது. உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் பகுதியில், ஒரே குடும்பத்தின் வழிவழியாக நடந்து வரும் ‘அலி முஹித்தீன் ஹாஜி பெக்கிர்’ மிட்டாய்க் கடையே அது. அதன் வரலாற்றை அறிவது நம் குடும்பங்களுக்கும், குறிப்பாக வணிகக் குடும்பங்களுக்கும் பயன் தரும் என்பதால் இங்கு எழுதுகிறோம்.

அராச்சிலிருந்து வந்த பெக்கிர் எஃபெந்தி

துருக்கியின் வடபுலத்தில், கருங்கடல் பக்கமாக அமைந்தது கஸ்தமோனு மாகாணம். அதிலுள்ள அராச் என்னும் சிற்றூரிலிருந்து பெக்கிர் எஃபெந்தி என்பவர் உஸ்மானியப் பேரரசின் தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்தார். ‘பெக்கிர்’ என்பது அபூபக்ர் (ரலி) அவர்களின் பெயரிலுள்ள ‘பக்ர்’ என்பதன் துருக்கிய வடிவம். சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதின் ஆட்சிக்காலம் அது. 1777ஆம் ஆண்டில் அவர் பஹ்செகபி என்னும் இடத்தில் ஒரு சிறு மிட்டாய்க் கடையைத் திறந்தார். பின்னர் ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பியதும் மக்கள் அவரை ‘ஹாஜி பெக்கிர்’ என்று அழைக்கலாயினர். அதுவே கடையின் பெயராகவும் நிலைத்தது.

கடை அமைந்த இடத்தைச் சற்று உற்று நோக்குவோம். பஹ்செகபி, எமினோனு பகுதியைச் சேர்ந்தது. ‘எமின்’ என்பது நாம் நன்கறிந்த ‘அமீன்’ என்னும் அரபுச் சொல்லே. துறைமுகச் சுங்கத்துக்குப் பொறுப்பான அதிகாரியை உஸ்மானியர் ‘எமின்’ என்றனர். அவருடைய அலுவலகத்தின் முன்புறம் என்ற பொருளில் அப்பகுதிக்கு எமினோனு என்று பெயர் வந்தது. நம்பிக்கைக்குரியவரின் முன்னிலை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். எம்பெருமானார் நபி (ஸல்) அவர்களை நபித்துவத்துக்கு முன்னரே மக்காவாசிகள் ‘அல் அமீன்’ என்று அழைத்ததை எண்ணும்போது, ஒரு வணிகன் கடை வைக்க இதைவிடப் பொருத்தமான பெயருடைய இடம் வேறு உண்டோ எனத் தோன்றும்.

கடைக்கு அண்மையில் 17ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்ட ‘யெனி ஜாமி’ எனும் புதிய பள்ளிவாசல் உயர்ந்து நிற்கிறது. அதனை அடுத்திருப்பது நறுமணப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற மிஸ்ர் சந்தை. அச்சந்தை பள்ளிவாசல் வளாகத்தின் ஒரு பகுதியாகவே கட்டப்பட்டது. கடைகளின் வாடகை பள்ளிவாசலின் பராமரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. வக்ஃபு சொத்துகளால் பள்ளிகளும் மதரஸாக்களும் நடைபெறும் நம் ஊர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. தொழுகையும் வணிகமும் ஒரே முற்றத்தில் கைகோத்து நின்ற சூழலில்தான் ஹாஜி பெக்கிர் பாகு காய்ச்சத் தொடங்கினார்.

இனிப்போடு பயணித்த சொற்கள்

இனிப்பின் வரலாறு சொற்களிலேயே பொதிந்துள்ளது. இந்தியாவின் ‘சர்க்கரா’ பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆயிற்று. அரபியில் ‘சுக்கர்’ ஆயிற்று. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. கட்டிச் சர்க்கரையைக் குறித்த ‘கண்ட’ என்னும் சொல் அரபியில் ‘கந்த்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கேண்டி’ ஆனது. நம் கற்கண்டின் ‘கண்டு’வும் அந்தச் சொல்லே. மறு திசையில் அரபியின் ‘ஹல்வா’ நம்மிடம் வந்து அல்வாவாயிற்று. நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்புவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. அதில் வரும் சொல்லும் ஹல்வாதான்.

ஹாஜி பெக்கிரின் கடைக்குப் புகழ் சேர்த்த இனிப்பு ‘லொகும்’. ‘ராஹத்துல் ஹுல்கூம்’, அதாவது தொண்டைக்கு இதம், என்ற அரபுத் தொடர் நாவில் தேய்ந்து லொகும் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் அதைத் தம் நாடுகளுக்கு எடுத்துச் சென்றனர். ஆங்கிலேயர் அதற்கு ‘டர்க்கிஷ் டிலைட்’ என்று பெயர் சூட்டினர்.

லொகுமை ஹாஜி பெக்கிரே கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகின்றனர். இதில் நிதானம் தேவை. மாவுச்சத்தையும் தேனையும் சேர்த்துக் கிளறும் ‘ஃபாலூதஜ்’ என்ற இனிப்பு, 10ஆம் நூற்றாண்டு பக்தாதின் சமையல் நூலிலேயே இடம்பெற்றுள்ளது. நாம் இன்று அருந்தும் ஃபலூடாவின் பெயர் அதிலிருந்து வந்ததே. அனதோலியாவிலும் திராட்சைப் பாகு, தேன், மாவு ஆகியவற்றால் இத்தகைய இனிப்புகளைச் செய்து வந்தனர். தேனுக்கும் பழப்பாகுக்கும் பதிலாகச் சுத்திகரித்த சர்க்கரையையும், மாவுக்குப் பதிலாக மாவுச்சத்தையும் கொண்டு இன்றைய லொகுமின் மென்மையையும் தெளிவையும் கொண்டுவந்த பெருமையே இக்கடைக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. முன்னோர் கைமாற்றித் தந்ததை மேலும் செம்மையாக்கிப் பின்னோரிடம் கொடுப்பதும் சிறிய தொண்டன்று.

பாகும் பதமும்

லொகுமின் பொருள்கள் மிகச் சில: சர்க்கரை, நீர், மாவுச்சத்து, சிறிது புளிப்பு. சர்க்கரைப் பாகில் எலுமிச்சை உப்பு போன்ற புளிப்பைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அது பாகு மீண்டும் மணல்போல் படிகமாகாமல் தடுக்கிறது. நீரில் கரைத்த மாவுச்சத்தை இப்பாகுடன் கலந்து, அடிபிடிக்காமல், இடைவிடாமல் கிளற வேண்டும். அடுப்பின் முன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிற்க வேண்டிய வேலை அது. அவசரப்பட்டு இறக்கினால் மாவு வாடை வீசும்; பல்லில் ஒட்டும். பதம் வந்ததும் பன்னீரோ ரூமி மஸ்தகியோ பிஸ்தாவோ சேர்த்து, மாவு தூவிய தட்டுகளில் ஊற்றி ஆற விடுவர். மறுநாள் துண்டு போட்டு, பொடித்த சர்க்கரையில் புரட்டுவர்.

இங்கே நம் வீட்டுப் பெண்மணிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இன்று கடைகளில் கிடைக்கும் ஜெல்லி மிட்டாய்கள் பலவற்றில் விலங்குகளிடமிருந்து பெறப்படும் ஜெலட்டின் சேர்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துத் தயங்குகிறோம். மரபு வழி லொகும் மாவுச்சத்தினாலேயே இறுகுகிறது. அதற்கு ஜெலட்டின் தேவையில்லை.

அகீதா என்னும் மிட்டாய்

லொகுமுக்கும் முன்பே உஸ்மானியர் விரும்பிச் சுவைத்த மிட்டாய் ஒன்றுண்டு. பாகை நன்கு காய்ச்சி, இழுத்து, துண்டு துண்டாக வெட்டிய கெட்டி மிட்டாய் அது. ஹாஜி பெக்கிர் கடையிலும் அது தொடக்கம் முதல் விற்கப்பட்டது. அதன் பெயர் ‘அகிதே’.

ஆம், நாம் மதரஸாவில் முதல் பாடமாகப் பயிற்றுவிக்கும் ‘அகீதா’வும் அதுவும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. ‘அகத’ என்றால் முடிச்சிட்டான், இறுக்கினான் என்று பொருள். உள்ளத்தில் இறுகிய நம்பிக்கை அகீதா. இருவரைப் பிணைக்கும் ஒப்பந்தம் அக்து. திருமணத்திலும் வணிகத்திலும் அச்சொல்லை நாம் பயன்படுத்துகிறோம். இளகிய பாகு காய்ந்து கெட்டிப்படுவதையும் அரபியர் அதே வினையால் குறித்தனர். மிட்டாயின் பெயர் அவ்வழியே வந்தது.

உஸ்மானியர் இச்சொல்லின் இரு பொருளையும் ஒரு சடங்கில் இணைத்தனர். ஜானிசரி படைவீரர்களுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஊதியம் வழங்கப்பட்டது. ஊதியம் பெற்றபின் படையினர் தம் விசுவாசத்தின் அடையாளமாக அரசின் உயர் அதிகாரிகளுக்கு அகிதே மிட்டாய் வழங்குவர். “எங்கள் பிணைப்பு உறுதியாக உள்ளது” என்பதை ஒரு துண்டு மிட்டாய் சொல்லிற்று. அது வராமற்போனால் அதிகாரிகள் கலங்கினர். 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரி படையைக் கலைத்தார்; சடங்கும் மறைந்தது. மிட்டாய் மட்டும் இன்றும் கண்ணாடிச் சாடிகளில் இருக்கிறது.

ஸூரா அல் மாயிதா, ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிட்டே தொடங்குகிறது. அங்கு வரும் ‘உகூத்’ என்னும் சொல்லும் இவ்வேரினதே. தராசில் பொருளை வைக்கும் வணிகன், வாங்குபவனோடு ஓர் அக்தில் நுழைகிறான். அவன் உள்ளத்தின் அகீதா அந்தத் தராசில் வெளிப்பட்டே தீரும்.

கைத்தொழிலுக்கும் ஒழுக்கம் இருந்தது

அனதோலியாவின் கைவினைஞரிடையே ‘அஹீ’ என்னும் சகோதரத்துவ அமைப்பு வேரூன்றியிருந்தது. 1330களில் அந்நிலம் வழியே பயணம் செய்த இப்னு பதூதா அவர்களைக் கண்டு வியந்தார். அவர் பின்னாளில் நம் மதுரைக்கும் வந்தவர். அந்த இளைஞர்கள் பகலெல்லாம் உழைத்து, மாலையில் சம்பாத்தியத்தைத் தம் தலைவரிடம் ஒப்படைத்து, ஊருக்கு வரும் வழிப்போக்கர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தனர் என்று அவர் பதிவு செய்துள்ளார். தொழிலில் தேர்ந்து ஆசானாகும் மாணவனுக்கு இடைக்கச்சை கட்டி விடுவது அவர்களது வழக்கம். கைத்திறனுடன் நேர்மையையும் பார்த்த பின்னரே அக்கச்சை கட்டப்பட்டது.

அரசும் வாளாவிருக்கவில்லை. சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் இருந்தார். 1502இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் புர்ஸா நகருக்கு இயற்றிய சந்தைச் சட்டம், உணவுப் பொருள்களின் தரத்தையும் விலையையும் வகுத்துரைத்தது. எடையில் குறைத்தவன் தண்டிக்கப்பட்டான். ஹாஜி பெக்கிர் இத்தகைய மரபு கொண்ட நகரத்தில் தொழில் செய்தார். இரண்டாம் மஹ்மூதின் காலத்தில் அரண்மனையின் தலைமை மிட்டாய்க்காரர் என்னும் பதவியும் இக்கடைக்குக் கிட்டியது.

பேரரசு சென்றது, கடை நின்றது

ஹாஜி பெக்கிருக்குப் பின் மகன் மெஹ்மத் முஹித்தீன் எஃபெந்தியும், அவருக்குப் பின் பேரர் அலி முஹித்தீனும் கடையை நடத்தினர். 1873இல் வியன்னாவிலும் 1897இல் பிரஸ்ஸல்ஸிலும் நடந்த உலகக் கண்காட்சிகளில் அவர்களது இனிப்புகள் பதக்கம் வென்றன. மால்டாவில் பிறந்து இஸ்தான்புலில் வாழ்ந்த ஓவியர் அமதேயோ பிரெட்சியோசி இக்கடையை ஓவியமாகத் தீட்டினார். 1890இல் அருகிலேயே சிர்கெஜி ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த பயணிகள் இறங்கி நடக்கும் தூரத்தில் கடை இருந்தது. அலி முஹித்தீன் காலத்தில் எகிப்தின் கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் கிளைகள் திறக்கப்பட்டன.

அதன்பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகள் எத்தகையவை என்று பாருங்கள். 1922இல் சுல்தானியம் ஒழிக்கப்பட்டது. 1923இல் தலைநகரம் அங்காராவுக்கு மாறியது. 1924இல் கிலாஃபத் முடிவுக்கு வந்தது. அதைக் காக்க நம் நாட்டு முஸ்லிம்கள் திரண்டு போராடியதை நம் பாட்டனார் தலைமுறை நினைவுகூரும். 1928இல் அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்து வந்தது. 1934இல் எஃபெந்தி, பாஷா முதலிய பட்டங்களை ஒழித்த சட்டம், ‘ஹாஜி’ என்னும் பட்டத்தையும் பெயர் சொல்லியே ஒழித்தது.

இனிப்பு வாங்க அரண்மனை இல்லை, அரசவை இல்லை, பலகையின் எழுத்துகூட மாறிப்போயிற்று. சட்டம் நீக்கிய அந்தப் பட்டம் மட்டும் கடையின் பெயரில் தங்கிவிட்டது. சர்க்கரைக்கு அயல்நாடுகளை நம்பியிருந்த நாட்டில், 1926இல் அல்புல்லுவிலும் உஷாக்கிலும் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் தொடங்கின. புதிய சர்க்கரை, புதிய எழுத்து, புதிய அரசு, பழைய பெயர். நோன்புப் பெருநாளை இன்றும் துருக்கியர் ‘ஷெகர் பைராம்’, அதாவது சர்க்கரைப் பெருநாள், என்று அழைக்கின்றனர். பெருநாள் நெருங்கும்போது மிட்டாய்க் கடைகளில் கூட்டம் அலைமோதும். அரண்மனைக்கு மாற்றாகச் சாதாரணக் குடும்பங்களின் பெருநாள் தட்டுகளே கடையை வாழவைத்தன.

அலி முஹித்தீன் 1974இல் மறைந்தார். அதன் பின்னரும் கடை குடும்பத்தின் கையிலேயே தொடர்கிறது.

திரும்பி வராத வாடிக்கையாளர்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடத்துக்கு வருவோம். ஓர் ஊர்க் கடைக்காரர் தரம் குறைந்த பொருளை விற்றால் மறுநாளே வாடிக்கையாளர் வந்து நிற்பார். அந்த வெட்கமும் அச்சமும் அவரைப் பாதி நேர்மையாக்கிவிடும். சுற்றுலா நகரத்தில் நிலைமை வேறு. வாங்குபவர் மறுநாள் விமானம் ஏறிவிடுவார். பொட்டலத்தைத் தம் நாட்டில் பிரித்துப் பார்க்கும்போது கடைக்காரர் பல்லாயிரம் மைல் தொலைவில் இருப்பார். பச்சைச் சாயமேற்றிய நிலக்கடலையைப் பிஸ்தா என்று கொடுப்பதும், பன்னீருக்குப் பதில் மலிவான வாசனைத் துளியைக் கலப்பதும் உணவு வணிகத்தில் அறியப்பட்ட ஏமாற்றுகளே. திரும்பி வராத ஒருவரை ஏமாற்றினால் வணிகத்தில் என்ன நட்டம் வந்துவிடப் போகிறது?

தக்வா சோதிக்கப்படும் இடம் அது. சட்டமும் ஊரார் வாயும் எட்டாத இடத்தில் அல்லாஹ்வின் பார்வை ஒன்றே எஞ்சுகிறது. மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்டறிந்து, ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்வை ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கை அப்போது பிறந்தது. வாங்குபவர் உள்ளூராரா அயலூராரா, முஸ்லிமா அல்லவா என்ற வேறுபாடு அதில் இல்லை. இப்னு பதூதா கண்ட அஹீ இளைஞர்களோ முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கே முதல் மரியாதை செய்தனர்.

இக்கடையை நடத்திய ஒவ்வொருவரின் உள்ளத்தையும் அல்லாஹ்வே அறிவான். அதற்குச் சான்று கூற நாம் யார்? கடை நிலைத்ததற்கு இடமும் அரண்மனைத் தொடர்பும் உதவியிருக்கும். எனினும், பெயர் அறியாத அந்நியர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாக விற்கும் கடை ஒன்று, வாங்கியவர் தம் ஊரில் பெட்டியைத் திறக்கும் அந்த நொடியிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அப்படி உருவாகும் நற்பெயரை எந்த விளம்பரமும் வாங்கித் தராது.

நம் பலகைகளுக்கு வருவோம்

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இராமேசுவரத்திலும் கடை நடத்தும் நம் சகோதரர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குச் சென்ற பிள்ளைகள் கடைக்குத் திரும்ப மாட்டார்கள் என்று கவலைப்படும் வாப்பாக்களும் இருக்கிறார்கள். கடையை விற்பதா, வாடகைக்கு விடுவதா, பெயரையும் சேர்த்து விடுவதா என்னும் பேச்சு வீடுகளில் நடக்கிறது. கட்டடமும் சரக்கும் வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு பிரிக்கப்படும். பெயரைப் பங்கு போட இயலாது. அது முழுமையாக ஒவ்வொரு பிள்ளையிடமும் வந்து சேரும் அமானிதம். ‘ஹாஜியார்’ என்ற பலகையை நம்பி உள்ளே வருபவர், நம்மிடம் அன்று என்றோ இறந்துபோன நம் பாட்டனாரிடம் பொருள் வாங்குகிறார். நாம் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் அவர் பெயரிலிருந்து குறைகிறது. அப்பெயரைக் காக்க இயலாத நிலை வருமானால், பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப் பெயரில் வணிகம் செய்வதே பாட்டனாருக்குச் செய்யும் மரியாதை.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். கல்லாவில் அமர்த்துவதற்கு முன் தராசின் முன் நிற்க வையுங்கள். மேலே நல்ல பழமும் கீழே அழுகியதும் வைக்கக் கூடாது என்பதைக் கையாலேயே கற்றுக்கொடுங்கள். ‘ஹலால்’ என்று பலகையில் எழுதுவது எளிது. பொருளும் எடையும் பேச்சும் சேர்ந்தே அச்சொல்லை உண்மையாக்கும்.

லொகுமின் பெயரிலுள்ள ‘ஹுல்கூம்’ என்ற சொல் திருக்குர்ஆனிலும் வருகிறது. ஸூரா அல் வாகிஆவில், மரண வேளையில் உயிர் தொண்டையை எட்டும் நிலையைக் கூறும் இடத்தில் அது இடம்பெறுகிறது. இன்று இனிப்பு இறங்கும் அதே பாதையில்தான் ஒருநாள் உயிர் ஏறி வரும். அதுவரை அத்தொண்டை வழியே உள்ளே சென்றது ஹலாலான உழைப்பின் உணவாகவும், அதிலிருந்து வெளியே வந்தது உண்மையான சொல்லாகவும் இருந்தால், அதைவிடப் பெரிய ராஹத் வேறென்ன வேண்டும்?

நேர்மையும் நம்பகமும் கொண்ட வணிகர் மறுமையில் நபிமார்கள், உண்மையாளர்கள், ஷஹீதுகள் ஆகியோருடன் இருப்பார் என்ற நற்செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. அக்கூட்டத்தில் நம் குடும்பத்து வணிகர்களையும் வல்ல அல்லாஹ் சேர்த்தருள்வானாக! நம் கடைகளில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளின் கைகளில் அமானிதத்தையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.